தீம் பார்க்கா, பழைய சிறையா, சோளக்கொல்லையா: ஹாலோவீன் பேய்வீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அக்டோபர் 31-ல் வரும் ஹாலோவீனை ஒட்டி அமெரிக்காவில் பேய்வீடுகள் முளைக்கும். வேடம் போட்ட நடிகர்கள் இருட்டில் மிரட்ட, டிக்கெட் வாங்கிப் போய்ப் பயந்துவிட்டு வரும் அரங்குகள் அவை. செப்டம்பர் மூன்றாம் வாரம் ஆனால் போதும், எதற்குப் போகலாம் என்ற ஒரே கேள்வி எனக்கு வாட்ஸ்அப்பில் வேறு வேறு ஆட்களிடமிருந்து வரத் தொடங்கிவிடும். போன முறை முதலில் கேட்டது நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் இருக்கும் நண்பரின் மனைவி.

"அண்ணா, பெரியவளுக்குப் பதினாலு ஆயிடுச்சு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பேய்வீட்டுக்குப் போறாங்களாம், ஒத்தக்கால்ல நிக்கிறா. சின்னவனுக்கு ஏழு வயசு. ஊர்லேர்ந்து அத்தையும் மாமாவும் வேற வந்திருக்காங்க. எல்லாரும் சேர்ந்து போற மாதிரி ஒரு இடம் சொல்லுங்களேன்."

"அப்படி ஒரு இடம் இல்லம்மா. ரெண்டா பிரிச்சுக்கோங்க" என்றேன். பதினாலு வயதுக்காரிக்குப் பிடித்த இடம் ஏழு வயதுக்காரனுக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுக்கும். அவனுக்குப் பிடித்த இடத்தில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

நான் இருப்பது பென்சில்வேனியாவின் கிழக்கு ஓரம். காரில் இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் தீம் பார்க், கைவிடப்பட்ட சிறை, சோளக்கொல்லை, தன்னார்வலர்கள் போடும் அரங்கு என்று எல்லா வகையும் கிடைக்கும் பகுதி. பன்னிரண்டு அக்டோபர்களாக வருடத்துக்கு இரண்டு மூன்று இடங்களாவது போய்விட்டு, வீடு திரும்பியதும் ஒரு நோட்டில் ஐம்பதுக்கு மதிப்பெண் போட்டு வைக்கிறேன். அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. ஒரே இடத்துக்கு ஒரு வருடம் 41 போட்டிருக்கிறேன், அடுத்த வருடம் 22. அரங்கு அதேதான், நடிகர்களில் பலர் அதே ஆட்கள்தான். மாறியது கிழமை. முதல் முறை போனது செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு. அடுத்த முறை அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை.

அதனால் "எந்த இடம் நல்லா இருக்கும்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். எந்த இரவு? யார் யார் வருகிறார்கள்?

## எதை வைத்து மதிப்பிடுவது

மதிப்பெண்ணுக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் மிக அதிகமாகப் பயப்படுபவர் யார் என்று பாருங்கள். இடத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான். ஐந்து பேர் போய் ஒருவர் பாதியில் உறைந்து நின்றுவிட்டால் அன்றைய இரவு ஐந்து பேருக்கும் முடிந்தது. இருதய நோய், கர்ப்பம், முதுகுவலி, மின்னி மின்னி எரியும் ஸ்ட்ரோப் விளக்கால் வலிப்பு வரக்கூடியவர்கள், புகையால் ஆஸ்துமா கிளம்புகிறவர்கள் இருந்தால் அதையும் இங்கேயே பேசிவிட வேண்டும். இந்த விளக்கும் புகையும் இல்லாத பேய்வீடு மிக அரிது.

அதைத் தாண்டியபின் என் ஐம்பது மதிப்பெண் நான்காகப் பிரியும்.

இடைவெளி: 15. பலர் கவனிக்காதது இதுதான், எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். தட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நடிகர் ஒரு முறை பாய்ந்து வந்தபின், மறுபடி ஒளிந்து தயாராகச் சில நொடிகள் வேண்டும். ஆறு ஆறு பேராக அனுப்பி, நடுவில் ஒரு நிமிடம் விட்டால், வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் முழுதாகக் கிடைப்பார். கூட்டம் அலைமோதும் இரவில் அப்படி விடமாட்டார்கள். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருவர் முதுகில் ஒருவராக எல்லோரும் ஊர்ந்து போவார்கள். பத்தடி முன்னால் போகிறவர் மேல் நடிகர் பாய்வதை நீங்கள் பார்த்துவிடுவீர்கள். உங்கள் முறை வரும்போது அவர் தட்டியைச் சாத்திக்கொண்டிருப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரள்வதற்கு முதலில் ஒரு வெற்று இருட்டு வேண்டுமே. நல்ல பேய்வீடு அமைப்பவர்கள் ஒன்றுமே இல்லாத ஒரு நடையை வேண்டுமென்றே நீளமாக விடுவார்கள். முன்னாலும் பின்னாலும் ஆள் இருந்தால் அந்த நடை வெறும் நடைபாதைதான்.

நடிகர்கள்: 15. கத்துவது எல்லோராலும் முடியும். நான் பார்ப்பது அவர் உங்களைப் பார்க்கிறாரா என்பதை. கூட்டத்தில் யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று காதில் வாங்கி, மூன்று அறை தள்ளி அதே பெயரை மெதுவாகச் சொல்லும் நடிகருக்கு நான் எழுந்து நின்று கை தட்டுவேன். ஒரு பிள்ளை நிஜமாகவே அழத் தொடங்கியதும் சட்டென்று குனிந்து, முகமூடியைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒதுங்குகிறவர் அதைவிடப் பெரிய கலைஞர். இவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள், கல்லூரி மாணவர்கள். ஒரு இரவில் நூற்றுக்கணக்கான முறை ஒரே பாய்ச்சலைப் பாய்கிறார்கள். மணி பதினொன்றுக்குப் போகும்போதும் குரலும் உடலும் தளராமல் இருந்தால், அந்த இடம் தன் ஆட்களை நன்றாக வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அரங்கம்: 10. சுவர், மணம், ஒலி, கதை. கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டு நடுவில் ரப்பர் பொம்மை வைத்திருக்கிறார்களா, அல்லது ஈர மண் வாசனை அடிக்கும் ஒரு அறைக்குள் நிஜமாகவே நுழைந்த மாதிரி இருக்கிறதா?

பாதுகாப்பும் மரியாதையும்: 10. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1984 மே 11 அன்று நியூ ஜெர்சியில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில் இருந்த பேய்க்கோட்டையில் தீப்பிடித்து எட்டு பதின்வயதுப் பிள்ளைகள் இறந்தார்கள். டிரெய்லர்களை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டிய அரங்கு அது. சுவரில் இருந்த நுரை மெத்தை பற்றிக்கொண்டது. தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கிடையாது. இருட்டிலும் புகையிலும், இது நிஜமா விளையாட்டா என்று தெரியாத குழப்பத்தில் அவர்கள் சிக்கிக்கொண்டார்கள். அதன் பிறகு இத்தகைய கட்டடங்களுக்கான தீ விதிகள் கடுமையாயின. ஸ்பிரிங்க்ளர் வேண்டும், புகை உணர்ந்ததும் விளக்குகள் எரிய வேண்டும், மிரட்டும் ஒலிகள் நிற்க வேண்டும். நான் எந்த அரங்குக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்க்கிறேன், அப்புறம் வெளியேறும் வழியின் எழுத்துப் பலகை எரிகிறதா என்று பார்க்கிறேன். திருப்பங்களில் டார்ச்சோடு ஆள் நிற்கிறாரா என்பது மூன்றாவது. இந்த மூன்றில் இரண்டு இல்லையென்றால் மதிப்பெண் போடும் வேலையே இல்லை, வெளியே வந்துவிடுவேன்.

மரியாதை என்றால், தொடுவதற்கு முன் சம்மதம் கேட்பது. பல இடங்களில் நடிகர்கள் தொடவே மாட்டார்கள். சில இடங்களில் விரும்புகிறவர்கள் மட்டும் ஒளிரும் கழுத்துமாலை போட்டுக்கொள்ளலாம், அவர்களை மட்டும் தொடுவார்கள், இழுப்பார்கள். டிக்கெட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நீளமான பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் அதிதீவிர வகையை இந்தக் கட்டுரையில் நான் சேர்க்கவே இல்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். அதில் பேரம் பேசும் எந்த இடத்துக்கும் என் நோட்டில் பக்கம் கிடையாது.

## முதல் வழி: தீம் பார்க் இரவுகள்

கலிஃபோர்னியாவின் ப்யூனா பார்க்கில் உள்ள நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் 1973-ல் மூன்று இரவு மட்டும் நடத்திப் பார்த்த ஹாலோவீன் நிகழ்ச்சிதான் தீம் பார்க்குகளுக்கு வழிகாட்டி. ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்கா 1991-ல் இதேபோல் மூன்று இரவுகளோடு தொடங்கியது, அடுத்த வருடம் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்று பெயர் மாற்றியது. இன்று அது கோடை முடியும் முன்பே தொடங்கி நவம்பர் முதல் நாட்கள் வரை ஓடுகிறது. சமீப வருடங்களில் ஒரே இரவில் 10 பேய்வீடுகள், அவற்றுக்கு நடுவில் தெருவிலேயே வேடதாரிகள் உலவும் பகுதிகள்.

அரங்கம் என்ற தலைப்பில் இவர்களை வெல்ல யாராலும் முடியாது. சினிமா செட் போடுகிறவர்கள் கட்டியது, பத்துக்குப் பத்து தாராளமாகப் போடலாம். மழைக் காட்சி என்றால் மேலே ஈரம் சொட்டும், கசாப்புக்கடை என்றால் வாடை அடிக்கும்.

இடைவெளியில்தான் இடிக்கிறது. கூட்டமான இரவில் பிரபலமான வீட்டுக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். உள்ளே இருப்பது நாலைந்து நிமிடம். அதுவும் நிற்காத வரிசை. ஒரு சனிக்கிழமை இரவு ஆறு மணி நேரம் இருந்து நாலு வீடு பார்த்தால் பயத்துக்குக் கிடைத்தது மொத்தம் இருபது நிமிடத்துக்கும் குறைவு. அதைச் சரிக்கட்ட, வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் விற்கிறார்கள். அதன் விலை நுழைவுச்சீட்டின் விலையையே தாண்டும் இரவுகள் உண்டு. நம் பக்கத்திலிருந்து ஆர்லாண்டோ போவதென்றால் விமானம், விடுதி, வாடகைக் கார். இதற்காக மட்டும் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஏற்கெனவே அங்கே விடுமுறைக்குப் போகிறவர்கள் வாரநாள் இரவு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் சரி. பகலில் பூங்காவுக்கு வாங்கிய டிக்கெட் இரவுக்குச் செல்லாது, தனியாக வாங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பார்வையாளர்கள் வேடம் போட்டு வரவும் அனுமதி இல்லை. பதிமூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அதை வியாபார வாசகம் என்று தள்ளிவிடாதீர்கள், நிஜமாகவே சொல்கிறார்கள்.

நியூ ஜெர்சிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருப்பது சிக்ஸ் ஃப்ளாக்ஸின் ஃபிரைட் ஃபெஸ்ட். பகலில் பிள்ளைகளுக்கான கொண்டாட்டம், இருட்டியதும் வேடதாரிகள் தெருவில் இறங்குவார்கள். நுழைவுச்சீட்டு இருந்தாலும் பேய் அரங்குகளுக்கு தனிக் கட்டணம் கேட்பது வழக்கம் என்பதால் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவளும் சின்னவனும் ஒரே நாளில் போக வேண்டும் என்றால் இந்த மாதிரி இடம் ஓரளவுக்குத் தோது. மாலை வரை எல்லோரும் இருந்துவிட்டு, இருட்டியதும் ஒரு பெரியவர் சின்னவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர், வாரநாள் இரவு, ரோலர் கோஸ்டரும் வேண்டும் பேயும் வேண்டும் என்றால் தீம் பார்க்தான் சரி.

## இரண்டாம் வழி: பழைய கட்டடங்களில் தனிப் பேய்வீடு

எனக்கு மனசுக்கு நெருக்கமானது இந்த வகை. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பிலடெல்ஃபியாவில் ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷியரி என்று ஒரு சிறை. 1829-ல் திறந்து 1971-ல் மூடியது. நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நீண்டு போகும் சிறைத் தொகுதிகள். கைதியைத் தனிமையில் வைத்தால் மனம் திருந்துவான் என்ற நம்பிக்கையில் கட்டியது. சிகாகோ தாதா அல் கபோன் 1929-30 வாக்கில் இங்கே இருந்தான். 1991-ல் இந்த இடிபாட்டைக் காப்பாற்றப் பணம் திரட்டுவதற்காகத் தொடங்கிய ஹாலோவீன் இரவுகள் நாட்டிலேயே பேர்பெற்ற பேய்வீடுகளில் ஒன்றாக வளர்ந்தன. 2021 முதல் ஹாலோவீன் நைட்ஸ் என்ற பெயரில் நடக்கிறது. நீங்கள் கொடுக்கும் டிக்கெட் பணம் அந்தக் கட்டடத்தின் பராமரிப்புக்கும் அருங்காட்சியகத்துக்கும் போகிறது என்பது எனக்குப் பெரிய திருப்தி.

இங்கே அரங்கம் கட்டத் தேவையே இல்லை. முப்பதடிக் கல் சுவர், உதிர்ந்து தொங்கும் சுண்ணாம்பு, கூரையில் ஒரு சின்ன வெளிச்சத் துளை. அக்டோபர் குளிரில் அந்த நடையில் நிற்கும்போது நடிகர் வருவதற்கு முன்பே ஈரக்குலை நடுங்கத் தொடங்கிவிடும். பல அரங்குகளுக்கு ஒரே டிக்கெட், நேரம் குறித்து உள்ளே விடுகிறார்கள், சிறையின் வரலாற்றைக் காட்டும் பகுதிகளும் உண்டு. பேய் வேண்டாம் என்பவர் அதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். ஃபேர்மவுண்ட் பகுதியின் குறுகிய தெருக்களில் வண்டி நிறுத்த இடம் தேடுவது மட்டும் தலைவலி. கட்டணப் பார்க்கிங்குக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள், அல்லது நகர மையமான சென்டர் சிட்டியில் நிறுத்திவிட்டு டாக்ஸியில் வாருங்கள்.

பழைய கட்டடம் என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. அதே மாநிலத்தில் ஸ்பிரிங் சிட்டிக்குப் பக்கத்தில் பென்ஹர்ஸ்ட் இருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான அரசு இல்லமாக 1908-ல் தொடங்கி 1987-ல் மூடப்பட்டது. உள்ளே நடந்த புறக்கணிப்பை 1968-ல் ஒரு பிலடெல்ஃபியா தொலைக்காட்சிச் செய்தியாளர் வெளியே கொண்டுவந்தார். அங்கே வாழ்ந்தவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010-ல் அந்த வளாகத்தில் பேய்வீடு திறந்தபோது மாற்றுத்திறனாளி உரிமைக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அரங்க வேலையும் நடிப்பும் உயர்ந்த தரம் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் நிஜமாகவே பிள்ளைகள் கட்டிப்போடப்பட்டுக் கிடந்த ஒரு வளாகத்தில், நோயாளி வேடத்தில் ஒருவர் என்னை மிரட்ட, நான் கத்திச் சிரித்துவிட்டு வர மனசு ஒப்பவில்லை. பகலில் நடக்கும் வரலாற்றுச் சுற்றுலாவுக்குப் போவேன். இது என் முடிவு. உங்கள் பதின்வயதுப் பிள்ளையோடு போவதாக இருந்தால், போகும் முன் அந்த வரலாற்றைப் பத்து நிமிடம் பேசிவிட்டு, அப்புறம் சேர்ந்து முடிவெடுங்கள்.

செலவு என்று பார்த்தால் தனிப் பேய்வீடுகள் பெரும்பாலும் 30 முதல் 50 டாலருக்குள் அடங்கும், சனிக்கிழமை அதற்கு மேலும் போகும். உள்ளே இருக்கும் நேரம் அரை மணி முதல் ஒரு மணி வரை. வரிசையில் நின்ற நேரத்துக்கும் பயந்த நேரத்துக்கும் உள்ள விகிதம் இங்கேதான் நியாயமாக இருக்கிறது. காற்றடைத்த பைகள் இரண்டு பக்கமும் நெருக்கும் இடுக்கு, சுழலும் குழாய்க்குள் போடப்பட்ட பாலம் ஆகிய இரண்டும் இந்த வகையில் சாதாரணம். மூச்சுமுட்டும் பயம் உள்ளவர்கள் வாசலிலேயே மாற்று வழி கேட்டால் காட்டுவார்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

பதினாலு வயதுக்கு மேற்பட்டவர்கள் முதல் முறை "நிஜமான" பேய்வீடு பார்க்கப் போகிறார்கள் என்றால் என் ஓட்டு இதற்கே.

## மூன்றாம் வழி: பண்ணையில் ஹேரைடும் சோளக்கொல்லையும்

டிராக்டர் இழுக்கும் வண்டியில் வைக்கோல் கட்டுகள் மேல் இருபது முப்பது பேர் உட்கார, காட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் கூட்டிப்போவார்கள். வழியெங்கும் காட்சிகள், வண்டி மேல் தாவி ஏறும் வேடதாரிகள், எங்கிருந்தோ உறுமும் சங்கிலி ரம்பம் (சங்கிலியைக் கழற்றி வைத்திருப்பார்கள்). பென்சில்வேனியாவிலும் நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கிலும் இந்த வகை நிறைய. அறுவடைக் காலத்தில் பண்ணைக்காரர்களுக்கு இது நல்ல வருமானம்.

இடைவெளிப் பிரச்சினை இதில் தானாகவே தீர்ந்துவிடுகிறது. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் தூரம் இருப்பதால் ஒவ்வொரு வண்டிக்கும் முழுக் காட்சி கிடைக்கும். ஆனால் நடிகரின் கவனம் முப்பது பேருக்குப் பகிர்ந்து போகிறது. ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு விருந்து, நடுவில் உட்கார்ந்தவருக்கு வேடிக்கை. இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம், பயந்தவரை நடுவில் உட்கார வையுங்கள். மனித உடம்புகளால் ஆன கோட்டை அது. பேய்வீட்டில் அப்படி ஒரு கோட்டை கிடையாது.

சோளக்கொல்லை வேறு ரகம், உள்ளே நடந்தே போக வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் காய்ந்து நிற்கும் சோளத் தட்டைகள், காற்றில் அவை உரசும் சத்தம். அந்தச் சத்தம்தான் ஆள் வருகிற சத்தமும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயம் வேறெங்கும் இல்லை.

இந்த வகையில் மறைந்திருக்கும் செலவு வானிலை. நான் பாடம் படித்ததும் இதில்தான். சில வருடம் முன்பு ஒரு அக்டோபர் சனிக்கிழமை, அக்கா மகளையும் அவள் தோழிகளையும் கூட்டிக்கொண்டு ஒரு பண்ணைக்குப் போனேன். இரண்டே முக்கால் மணி நேரம் வரிசை. எங்கள் வண்டி வர நாலு வண்டி இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சவாரியை நிறுத்திவிட்டார்கள். அது சரிதான், சேற்றில் டிராக்டர் ஓட்டக் கூடாது. ஆனால் பணம் திரும்பக் கிடையாது, அந்தப் பருவத்திலேயே வேறு நாள் வரலாம் என்றார்கள். மறுவாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை, அதற்கு அடுத்த வாரம் பருவமே முடிந்தது. ஐந்து டிக்கெட், ஐந்து ஜோடி சேறு படிந்த ஷூ. திரும்பும் வழியெல்லாம் அவள் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு அந்த இரவை நான் சரியாகத் திட்டமிட்டுக் கொடுக்கவில்லையே என்று இன்றும் உறுத்துகிறது. அதிலிருந்து பண்ணை என்றால் அக்டோபர் முதல் வாரத்திலேயே போகிறேன். மழை வந்தால் மாற்று நாளுக்கு இடம் இருக்கும்.

இரவுக் குளிர், குலுக்கலில் முதுகுவலி, வைக்கோல் ஒவ்வாமை, தற்காலிகக் கழிப்பறை, புல்வெளியில் வண்டி நிறுத்தம், இருட்டில் ஒரு கிலோமீட்டர் நடை. இவையும் உண்டு. ஊரிலிருந்து வந்த பெரியவர்களை இரவுச் சவாரிக்கு அழைத்துப் போகாதீர்கள். அதே பண்ணையில் பகலில் பூசணி பறித்தலும் ஆப்பிள் சைடரும் பெரும்பாலும் இருக்கும், அதற்குக் கூட்டிப்போங்கள். மகிழ்ச்சியாக வருவார்கள்.

பயத்தில் பலதரப்பட்டவர்கள் சேர்ந்த, பதின்வயதுக்கு மேற்பட்ட பெரிய கூட்டத்துக்குப் பண்ணை ஏற்றது.

## நான்காம் வழி: தன்னார்வலர் அரங்கும் பக்கத்து வீட்டு கராஜும்

1970-களில் ஜேசீஸ் என்ற இளைஞர் அமைப்பின் கிளைகள் நற்பணிக்குப் பணம் திரட்டப் பழைய வீடுகளைப் பேய்வீடாக்கின. இன்றைய பெரிய தொழிலின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. இன்றும் ஊருக்கு ஊர் தீயணைப்புப் படைத் தன்னார்வலர்கள், பள்ளி நாடகக் குழுக்கள், சாரணர்கள் இரண்டு வார இறுதிகளுக்கு ஒரு அரங்கு போடுகிறார்கள். சில டாலர், அல்லது உணவு வங்கிக்கு இரண்டு டப்பா உணவு. வேடத்துக்குள் இருப்பது உங்கள் பிள்ளையின் கணக்கு வாத்தியாராகக்கூட இருக்கலாம்.

தொழில்நுட்பம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் நடிகர்கள் என்ற தலைப்பில் என் நோட்டில் 15-க்கு 15 வாங்கிய ஒரே இடம் ஒரு தெருமுனைக் கராஜ்தான். ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, பேரப்பிள்ளைகள் நாலு பேர். பாட்டி ஆடும் நாற்காலியில் பின்னல் பின்னிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நம்மையே பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31-ல் வந்தன. எங்கள் வாசலில் கோலமும் அகல் விளக்கும், எதிர்வீட்டு வாசலில் எலும்புக்கூடும் ஆரஞ்சு விளக்கும். மிட்டாய் வாங்க வந்த பிள்ளைகள் அகலைப் பார்த்துவிட்டு இது என்ன அலங்காரம் என்று கேட்டார்கள். இரண்டு வீட்டுக்காரர்களும் நடுத்தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். டிக்கெட் வாங்கிப் போகிற எந்த இடத்திலும் அது கிடைக்காது.

கவனிக்க வேண்டியது பாதுகாப்பு. மின்கம்பிகள் தரையில் ஓடும், ஸ்பிரிங்க்ளர் இருக்காது. கராஜ் கதவு முழுதாகத் திறந்திருக்கிற, மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வைத்திருக்கிற இடங்களுக்கே பிள்ளைகளை விடுங்கள்.

## ஐந்தாவதாக, பயமே வேண்டாம் என்பவர்களுக்கு

இதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. நியூயார்க்கின் க்ரோட்டன்-ஆன்-ஹட்சனில் 2005 முதல் நடக்கும் கிரேட் ஜாக் ஓ'லாண்டர்ன் ப்ளேஸில் கையால் செதுக்கிய 7,000-க்கும் மேற்பட்ட பூசணிகளுக்குள் விளக்கு எரியும். யாரும் பாயமாட்டார்கள், கத்தமாட்டார்கள். ஏழு வயதுப் பையனுக்கும் எழுபது வயது மாமாவுக்கும் ஒரே அளவு பிடிக்கும். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதுதான் ஒரே சிக்கல். ஆர்லாண்டோ போகிறவர்களுக்கு டிஸ்னியின் மேஜிக் கிங்டமில் நடக்கும் மிக்கியின் ஹாலோவீன் விருந்து இருக்கிறது. தனி டிக்கெட், ஆனால் பிள்ளைகள் வேடம் போட்டுப் போகலாம், மிட்டாய் வாங்கலாம்.

## ஒரே பார்வையில்

| | தீம் பார்க் | தனிப் பேய்வீடு | பண்ணை | கராஜ், தன்னார்வலர் |
|---|---|---|---|---|
| இடைவெளி (15) | 5 | 11 | 12 | 9 |
| நடிகர்கள் (15) | 10 | 12 | 9 | 7 முதல் 15 வரை |
| அரங்கம் (10) | 10 | 9 | 6 | 3 |
| பாதுகாப்பு, மரியாதை (10) | 9 | 8 | 7 | இடத்தைப் பொறுத்து |
| பயத்தில் கழியும் நேரம் | வீட்டுக்கு 4-5 நிமிடம் | 30-60 நிமிடம் | 20-30 நிமிடம் | 5-10 நிமிடம் |
| மறைந்த செலவு | எக்ஸ்பிரஸ் பாஸ், பார்க்கிங், பயணம் | நகரத்தில் பார்க்கிங், சனிக்கிழமை விலை | மழை, குளிர், சேறு | அனேகமாக இல்லை |
| யாருக்கு | கல்லூரி வயதினர் | 14-க்கு மேல், சிறு குழு | பதின்வயதுக்கு மேல் பெரிய குழு | முதல் முறை போகும் பிள்ளைகள் |

தீம் பார்க்குக்கு இடைவெளியில் 5 போட்டது சனிக்கிழமைக் கணக்கு. செப்டம்பரில் ஒரு புதன் இரவு என்றால் 10 வரை போடுவேன். அப்படியானால் மொத்தக் கணக்கே மாறிவிடும்.

## எந்த இரவு

எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும் இது பொருந்தும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் நல்லது. வியாழனும் ஞாயிறும் வெள்ளி, சனியைவிட மேல். பல இடங்களில் அன்றைக்கு டிக்கெட்டும் மலிவு. சனிக்கிழமைதான் முடியும் என்றால் கதவு திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே நில்லுங்கள். நவராத்திரி வரும் வார இறுதிகளில் நம் வீடுகளில் கொலு அழைப்புகள் குவியும் என்பதால் காலண்டரை முதலில் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கும்போது காட்டும் விலைக்கு மேல் சேவைக் கட்டணம் சேரும், கடைசிப் பக்கத்து எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள்.

ஆறு பேருக்கு மேல் போகாதீர்கள். எட்டுப் பேர் என்றால் வாசலில் இரண்டாகப் பிரித்துவிடச் சொல்லுங்கள். முன்னால் ஒட்டிக்கொண்டு போகும் கூட்டத்தை விட்டுவிட்டு, ஒரு நிமிடம் தாமதித்து அனுப்பும்படி வாசலில் நிற்பவரிடம் தன்மையாகக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எத்தனை முறை இந்த ஒரு வேண்டுகோள் என் இரவைக் காப்பாற்றியிருக்கிறது!

எடிசன் குடும்பத்துக்கு நான் சொன்னது இது. மாமாவும் அத்தையும் சின்னவனும் பூசணி விளக்குக்கு. பெரியவளும் தோழிகள் இரண்டு பேரும் அப்பாவோடு சிறைக்கு, அக்டோபர் முதல் ஞாயிறு. அப்பா கடைசியில் நடக்க வேண்டும், பின்னால் வருகிறவர்களை இரண்டடி தள்ளியே வைக்க. மதிப்பெண் தலைப்புகளை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன்.

அந்த ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு அவளிடமிருந்து பதில் வந்தது. "இடைவெளி 12, நடிகர் 14, அரங்கம் 10, பாதுகாப்பு 9. மாமா, ஒரு ஜெயிலர் அப்பாவோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பாவுக்கு எத்தனை போடணும்னு நீங்க சொல்லல. கையை விடவே இல்ல."

எனக்கு நோட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்க்க வேண்டியதாகிவிட்டது.